புளித்த மண்ணும் புல்தரையும்

லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஹார்ப்பெண்டன் என்றொரு சிறு நகரம். அங்குள்ள ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஏறத்தாழ ஏழு ஏக்கர் பரப்பில் ஒரு புல்வெளி இருக்கிறது. பார்க் கிராஸ் என்று பெயர். 1856-இல் அதைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வகை உரம் என்று முடிவு செய்தார்கள். அந்த ஏற்பாடு பெரிய மாற்றமில்லாமல் இன்றுவரை தொடர்கிறது. அறுவடைக்கு முன்பு போய்ப் பார்த்தால், உரமே காணாத பாத்தியில் முப்பத்தைந்து நாற்பது வகைச் செடிகள் கலந்து நிற்கும். வேறொரு பாத்தியில் ஒன்றிரண்டு வகைப் புல் மட்டும் இருக்கும். அதன் அடியில் பல வருடத்துச் சருகு மக்காமல், பழுப்பு நிறத்தில் மெத்தை போலக் கிடக்கும். அதே பாத்தியின் வேறொரு பகுதியில் கால் வைத்தால் சருகு மெத்தை இல்லை. உயரமான தீவனப் புற்கள் செழித்து நிற்கின்றன. இரண்டு பகுதிக்கும் ஒரே உரம், ஒரே மழை, ஒரே வெயில்தான். ஒரு பகுதிக்கு மட்டும் சுண்ணாம்பு போட்டிருக்கிறார்கள்.

வீட்டு முன்புறப் புல்தரைக்குச் சுண்ணாம்பு போடலாமா, எப்போது, எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடசாலை உலகத்தில் கிடையாது.

இந்தச் சோதனையைத் தொடங்கியவர்கள் ஜான் பென்னட் லாஸ், ஜோசஃப் ஹென்றி கில்பர்ட் என்ற இருவர். லாஸ் அந்த ஊர்ப் பண்ணையார். எலும்பையும் பாஸ்பேட் பாறையையும் கந்தக அமிலத்தில் கரைத்து சூப்பர் பாஸ்பேட் செய்யும் முறைக்கு 1842-இல் காப்புரிமை வாங்கி, உரத் தொழிலில் பணம் பார்த்தவர். கில்பர்ட் வேதியியல் படித்தவர். 1843 முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். எந்த உரம் போட்டால் உலர்புல் எவ்வளவு கிடைக்கும் என்பதே பார்க் கிராஸில் அவர்கள் கேட்ட கேள்வி. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே பாத்திகள் தனித்தனி வயல்கள் போல முகம் மாறத் தொடங்கின. குறிப்பாக அம்மோனியம் சல்ஃபேட் போட்ட பாத்திகளில் செடி வகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின.

சோடியம் நைட்ரேட் போட்ட பாத்திகளில் அப்படி நடக்கவில்லை. இரண்டும் நைட்ரஜன் தரும் உரங்கள்தாம். வித்தியாசம் எங்கே வந்தது? அம்மோனியம் வடிவில் வரும் நைட்ரஜனை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்த மாற்றத்தில் ஒவ்வொரு அம்மோனியம் அயனிக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் மண்ணில் விடுபடுகின்றன. ஹைட்ரஜன் அயனி சேர்வதுதான் மண் அமிலமாவது. உர வேதியியலில் இதற்கு ஒரு கணக்கே உண்டு: 100 கிலோ அம்மோனியம் சல்ஃபேட் உண்டாக்கும் அமிலத்தைச் சரிக்கட்ட ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் தேவை. போட்ட உரத்தைவிட அதிகம்! சோடியம் நைட்ரேட்டில் நைட்ரஜன் ஏற்கெனவே நைட்ரேட்டாகவே இருப்பதால் இந்தக் கடன் ஏறுவதில்லை.

ராதம்ஸ்டெட்டின் மற்ற வயல்களில் ஏன் இது கண்ணுக்குப் படவில்லை என்பதற்கும் சுவையான காரணம் உண்டு. அந்த வட்டாரத்தில் மேல்மண் களிமண். ஆழத்தில் சாக் எனப்படும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. 18, 19-ஆம் நூற்றாண்டு விவசாயிகள் குழி தோண்டி அதை மேலே கொண்டுவந்து ஏக்கர் கணக்கில் கொட்டினார்கள். குளிர்கால உறைபனி அந்தச் சுண்ணாம்புக் கட்டிகளை உடைத்துப் பொடியாக்கிவிடும். புகழ்பெற்ற பிராட்பால்க் கோதுமை வயலுக்கு இந்தச் சீதனம் நிறையவே கிடைத்திருந்தது. அதனால் அமிலம் சேரச் சேர அது விழுங்கிக்கொண்டது. பார்க் கிராஸ் மேய்ச்சல் நிலம். அதற்கு அவ்வளவு வாரிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பிரிட்டனில் இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்றால், ரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டிலேயே அதை எழுதியிருக்கிறார். நூறு அடி ஆழத்திலிருந்து எடுத்துப் போடும் ஒரு வகை வெண்மண்ணின் பலன் எண்பது ஆண்டு நிற்கும், ஒரே நிலத்துக்கு வாழ்நாளில் இருமுறை போட்டவர் கிடையாது என்கிறார். எண்பதைச் சற்றுத் தள்ளுபடியோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் சுண்ணாம்பு மெதுவாக வேலை செய்து நெடுநாள் நிற்கும் சரக்கு என்ற அடிப்படை சரி.

மண் அமிலமானால் புல்லுக்கு என்ன? அமிலம் நேரடியாக வேரைச் சுடுவது குறைவு. அலுமினியம்தான் பெரிய தொல்லை. எல்லாக் களிமண்ணிலும் அலுமினியம் உண்டு. சாதாரணமாக அது கல்லோடு கல்லாகக் கரையாமல் கிடக்கும். அமிலத்தை அளக்கும் பி.எச். எண் 5.5-க்குக் கீழே இறங்கத் தொடங்கினால் கரைந்து வெளியே வரும். வேர் நுனி குட்டையாகித் தடித்துவிடும். புல் ஆழத்துக்கு இறங்காது. வெயிலடித்தால் முதலில் காய்வது அந்தத் தரைதான். அதே அலுமினியமும் இரும்பும் பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்வதால், போட்ட உரமும் எட்டாக் கனியாகிறது. மண்புழு அமிலத்தில் தங்காது. சருகை மக்கவைக்கும் பாக்டீரியாக்கள் சோர்ந்துபோகும். பி.எச். 4-க்கும் கீழே போய்விட்ட பார்க் கிராஸ் பாத்திகளில் சருகு மெத்தை சேர்ந்தது இப்படித்தான்.

1903-இல் பெரும்பாலான பாத்திகளை இரண்டாக வகுந்து, ஒரு பாதிக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஹெக்டேருக்கு நான்கு டன் சுண்ணாம்பு போடத் தொடங்கினார்கள். எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு. இதுதான் தவறிய இடம். உரம் காணாத பாத்திக்கு அது தாராளம்; அரை நூற்றாண்டாக அம்மோனியம் சல்ஃபேட் வாங்கிய பாத்திக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. கடைசியில் 1965-இல் திட்டத்தை மாற்றி, பாத்திகளை நான்காக்கினார்கள். மூன்று பகுதிகளை பி.எச். 7, 6, 5 என்ற இலக்குகளில் நிறுத்துவது; நான்காவதைச் சுண்ணாம்பே காட்டாமல் விடுவது. இலக்கு இன்னது என்று வைத்துக்கொண்டு, மண்ணைச் சோதித்து, ஆளுக்கேற்ற அளவு கொடுப்பது என்று ஆயிற்று. வீட்டுப் புல்தரைக்காரர் மூட்டையின் முதுகில் அச்சிட்டிருக்கும் அளவை அப்படியே போடும்போது 1903-க்குத் திரும்பிப் போகிறார்.

இடையில் ஒரு வியப்பு. இந்தப் பாத்திகளில் ஸ்வீட் வெர்னல் எனப்படும் மணமுள்ள புல் அமிலப் பகுதியிலும் வளர்கிறது, சுண்ணாம்புப் பகுதியிலும் வளர்கிறது. ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் ஸ்னேடன் இரண்டிலிருந்தும் செடி எடுத்து ஒப்பிட்டபோது, சில மீட்டர் தூரத்திலேயே அவை மரபணு வழியில் வேறுபட்டிருந்தன. 1965-இல் புதிதாகச் சுண்ணாம்பு பெற்ற பகுதிகளிலும் சில ஆண்டுகளுக்குள் இந்தப் பிரிவு தலைகாட்டியது. சுண்ணாம்பு மண்ணோடு நிற்கவில்லை. புல்லின் பரம்பரையிலும் கை வைத்தது.

இனி வேதியியலில் பலர் சறுக்கும் இடம். சுண்ணாம்பில் கால்சியம் இருக்கிறது, கால்சியம் போட்டால் அமிலம் குறையும் என்று எண்ணுவார்கள். அமிலத்தை முறிப்பது கால்சியம் அல்ல. அதோடு ஒட்டியிருக்கும் கார்பனேட். அது ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்து நீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. கால்சியம் அதன்பின் காலியான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். ஜிப்சத்திலும் கால்சியம் உண்டு. ஆனால் அது சல்ஃபேட். களர் நிலத்தைத் திருத்த ஜிப்சம் அருமருந்து. அமில மண்ணின் பி.எச்.சை உயர்த்த அது உதவாது. இரண்டும் வெள்ளைப் பொடி என்பதால் கடையில் ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கிவிடக் கூடாது.

பி.எச். என்ற அளவுகோலை 1909-இல் வகுத்தவர் சோரன் சோரன்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையோடு சேர்ந்த ஆய்வகத்தில் நொதிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். அந்த அளவுகோல் மடக்கைக் கணக்கில் ஓடுவது. பி.எச். 6-ஐவிட 5 பத்து மடங்கு அமிலம். 7-ஐவிட நூறு மடங்கு. ஆகவே 6.5-இலிருந்து 6.0-க்கு இறங்கியதற்காகப் பதற வேண்டியதில்லை, 5.5-இலிருந்து 5.0-க்கு இறங்கினால் விசாரிக்கத்தான் வேண்டும்.

ஆனால் பி.எச். எண் மட்டும் தெரிந்தால் எவ்வளவு சுண்ணாம்பு என்று சொல்லிவிட முடியாது. மண்ணின் நீரில் மிதக்கும் அமிலம் கொஞ்சம். களிமண் துகள்களிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும் அமிலம் அதைவிடப் பல மடங்கு. பி.எச். எண் முதலாவதைத்தான் காட்டும். சுண்ணாம்பு முதலில் மிதப்பதை முறித்தால், ஒட்டியிருப்பது கழன்று வந்து அந்த இடத்தை நிரப்பும். அதனால் பி.எச். 5.5 என்று ஒரே எண் காட்டும் மணல் தரைக்கும் களிமண் தரைக்கும் தேவை ஒன்றல்ல; களிமண்ணுக்கு இரண்டு மூன்று மடங்குகூட ஆகலாம். ஆய்வகங்கள் இதற்காகத் தாங்கல் கரைசலில் மண்ணைக் கலக்கி, அது கரைசலை எவ்வளவு இறக்குகிறது என்று பார்த்து, சுண்ணாம்புத் தேவையைத் தனி வரியாக எழுதித் தருகின்றன. அறிக்கையில் முதலில் தேட வேண்டியது அந்த வரியைத்தான். மண்ணில் குத்தினால் முள் ஆடும் மலிவு விலைக் கருவிகளை விளையாட்டுச் சாமான்களோடு வைத்துவிடலாம்.

சுண்ணாம்பு வழக்கம் வேரூன்றிய இடங்களில் முக்கியமானது அமெரிக்காவின் வடகிழக்கு, நியூ இங்கிலாந்து மாநிலங்கள். கருங்கல் வகைப் பாறையிலிருந்து வந்த மண். சுண்ணாம்பு அதில் பிறவியிலேயே குறைவு. பெய்யும் மழை கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அடித்துக்கொண்டு போகிறது. அங்கே ஒவ்வோர் இலையுதிர் காலமும் புல்தரைக்குச் சுண்ணாம்பு தூவுவது வீட்டுச் சடங்கு போல ஆகிவிட்டது. ஆனால் அதே நாட்டில் ஒஹையோவின் மேற்குப் பகுதி சுண்ணாம்புப் பாறையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே பி.எச். தானாகவே 7-ஐத் தாண்டி நிற்கும். நியூ இங்கிலாந்தில் பார்த்த பழக்கத்தை அங்கே கொண்டுபோனவர், கிடைக்காத இரும்பை இன்னும் கிடைக்காததாக்கி, புல்லை மஞ்சளாக்குகிறார்.

சடங்கு ஆனதற்கு ஒரு காரணம் பாசி. புல்தரையில் மாஸ் பாசி படர்ந்தால் மண் புளித்துவிட்டது, சுண்ணாம்பு போடு என்பது பரவலான நம்பிக்கை. பாசி வருவது நிழல், ஈரம், கெட்டித்துப்போன மண், சத்துக் குறைவு ஆகியவற்றால். அமிலம் கூட்டாளிகளில் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சுண்ணாம்பு பாசியைக் கொல்லாது. கொல்வது அன்னபேதி, அதுவோ அமிலப் பக்கம் சாய்ந்தது. ஒரு கையால் அன்னபேதியும் மறு கையால் சுண்ணாம்பும் தூவும் தோட்டங்களில் லாபம் கடைக்காரருக்குத்தான்.

எல்லாப் புல்லுக்கும் ஒரே இலக்கும் கிடையாது. கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ் போன்றவை பி.எச். 6-க்கும் 7-க்கும் இடையே திருப்தியாக இருக்கும். அமெரிக்கத் தெற்கில் பெர்முடா கிராஸ் என்று போற்றி வளர்ப்பது நம் அருகம்புல்தான். அதற்கும் ஏறக்குறைய இதே நிலை போதும். ஃபெஸ்க்யூ வகைகள் 5.5-லும் முகம் சுளிக்காது. சென்டிபீட் என்ற சீனப் புல்லுக்கு 5-க்கும் 6-க்கும் நடுவில்தான் சொர்க்கம். அதற்குச் சுண்ணாம்பு போட்டால் இரும்புச் சத்து எட்டாமல் வெளுத்துவிடும். கோல்ஃப் மைதானத்து பென்ட்கிராஸில் அளவு மீறினால் டேக்-ஆல் என்ற வேர்ப் பூஞ்சைநோய் மேலோங்கும். சுண்ணாம்பு சத்துணவு அல்ல, மருந்து. அதற்குப் பக்க விளைவுகள் உண்டு.

கோல்ஃப்காரர்கள் ஒரு காலத்தில் தலைகீழாகவே போய்ப் பார்த்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் வேளாண் ஆய்வு நிலையத்தில், அம்மோனியம் சல்ஃபேட் தொடர்ந்து பெற்ற புல்தரைகளில் களை குறைவதைக் கண்டார்கள். குளோவரும் டான்டெலியனும் அமிலத்தில் தளர, பென்ட்கிராஸும் ஃபெஸ்க்யூவும் தாக்குப்பிடித்தன. மண்புழு தள்ளும் மண் குவியல்கள் பந்தை இடறும் என்று மைதானக்காரர்களுக்கு அதுவும் ஆகாது. அமிலத்தில் புழுவும் போயிற்று. வேண்டுமென்றே மண்ணைப் புளிக்கவைப்பதற்கு ‘அமிலக் கொள்கை’ என்று பெயரும் வைத்தார்கள். 1920-களில் அது கொடிகட்டிப் பறந்தது. பிறகு எல்லை மீறிப் புளித்த மைதானங்களில் புல்லே நலிந்து, சுண்ணாம்பு மூட்டையை மீண்டும் தேட வேண்டியதாயிற்று. ஆனாலும் அவர்கள் கண்டதில் பாதி உண்மை. சுண்ணாம்பு போடுகிறவர் புல்லுக்கு மட்டும் விருந்து வைப்பதில்லை. குளோவருக்கும் மண்புழுவுக்கும் சேர்த்தே இலை போடுகிறார். தரை ஒரே சீராக இருக்க வேண்டுமா, அல்லது மண் உயிரோடு இருக்க வேண்டுமா என்பதில் விருப்பம் எந்தப் பக்கம் என்று முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஒரு வீட்டு முற்றத்துக்கு மண்புழு இருப்பதே மேல்.

சோதனை சுண்ணாம்பு வேண்டும் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சுண்ணாம்பு? சுட்ட சுண்ணாம்புக்கும் நீறிய சுண்ணாம்புக்கும் வேகம் அதிகம். சுண்ணாம்புக்கல் தூளின் முறிக்கும் ஆற்றலை 100 என்று வைத்தால், நீறிய சுண்ணாம்புக்கு ஏறத்தாழ 135, சுட்டதற்கு 179. அந்த வேகமே ஆபத்து: இலையைக் கருக்கும், கண்ணையும் தோலையும் பதம் பார்க்கும். புல் வளர்ந்து நிற்கும் தரைக்கு அரைத்த சுண்ணாம்புக்கல் தூள்தான் சாது. மண்ணில் மக்னீசியமும் குறைவு என்றால் டோலமைட். எதுவானாலும் நைசாக அரைத்திருக்க வேண்டும், ஏனெனில் மண்ணோடு உரசும் பரப்பில்தான் வேலை நடக்கிறது. இரண்டரை மில்லிமீட்டர் பருமனுள்ள துண்டு வெறும் கல்; கால் மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள தூள்தான் காலத்தோடு கரையும். நைசான தூள் காற்றில் பறக்கும் என்பதால் அதை ஒட்டுப்பொருள் சேர்த்து உருண்டையாக்கி விற்கிறார்கள். ஈரம் பட்டதும் உருண்டை உதிர்ந்து மீண்டும் தூளாகும். விலை கூடுதல், வேலை சுலபம், விளைவு ஒன்றே.

அளவில் ஓர் உச்சவரம்பு உண்டு. வளர்ந்த புல்லின் மேல் ஒரு தடவையில் 100 சதுர மீட்டருக்கு 25 கிலோவுக்கு மேல் போடுவதில்லை. நம் கணக்கில் சென்ட்டுக்குச் சுமார் 10 கிலோ. அறிக்கை அதற்கு மேல் கேட்டால் ஆறு மாத இடைவெளியில் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு தவணையையும் இரண்டாகப் பிரித்து, பாதியைத் தெற்கு வடக்காகவும் பாதியைக் கிழக்கு மேற்காகவும் தூவினால் வரிவரியாக விழாது. பிறகு தண்ணீர் தெளித்து இலைமேல் படிந்ததைக் கழுவிவிட வேண்டும். புதிதாகத் தரை அமைக்கிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை; விதைக்கும் முன்பே மண்ணோடு நான்கு அங்குலம், ஐந்து அங்குலம் ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடலாம். வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் அப்புறம் மேலிருந்து தூவிக் காத்திருக்கத்தான் வேண்டும்.

காத்திருப்பு நீண்டது. சுண்ணாம்புக்கல் தண்ணீரில் அரிதாகவே கரைவதால், மேலே தூவியது ஆண்டுக்கு ஓர் அங்குலம் இறங்கினாலே அதிகம். குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்தைத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான்: மண் உறைவதும் இளகுவதுமாக மாறி மாறி விரிசல் விட, மழையும் பனியும் தூளை உள்ளே இறக்கும். மண்ணில் சிறு உருளைகளைக் குத்தி எடுக்கும் காற்றோட்டக் கருவியை ஓட்டிய கையோடு தூவினால் இன்னும் நல்லது. தூள் துளை வழியாக வேரை எட்டும். உறைபனி மூடிய தரையிலும், வாடி நிற்கும் புல்லிலும் போடக் கூடாது. யூரியா, அம்மோனியம் சல்ஃபேட் போட்ட அதே வாரத்திலும் கூடாது. இரண்டும் சந்தித்தால் நைட்ரஜன் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். சில வாரங்கள் இடைவெளி விடுவது பணத்துக்கு நல்லது.

சோதனைக்கு மண் எடுப்பதிலும் கை சுத்தம் வேண்டும். புல்தரையில் பத்துப் பதினைந்து இடங்களில், மூன்று நான்கு அங்குல ஆழத்துக்கு மண் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அதிலிருந்து ஒரு கையளவு அனுப்பினால் போதும். ஒரே இடத்து மண் அந்த ஓரிடத்தைத்தான் சொல்லும். சுவரோரத்தை விட்டுவிட வேண்டும். பூச்சிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பும் சிமெண்டும் அங்கே பொய் சொல்லும். சுண்ணாம்பு போட்ட பின் மறுசோதனைக்கு ஓராண்டாவது பொறுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இந்தக் கதையில் பெரும்பாலும் வேலையில்லை. கோவைப் பக்கத்துக் கரிசலில் சுக்கான் கல் இயல்பாகவே கிடக்கிறது. பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே காரம். அங்கே மஞ்சளாகும் புல்லுக்குச் சுண்ணாம்பு போடுவது நோயை வளர்ப்பது. நீலகிரி வேறு உலகம். கனமழையில் கால்சியம் கழுவிப்போன செம்மண், பி.எச். ஐந்தின் அக்கம்பக்கம் நிற்கும். உருளைக்கிழங்கும் கேரட்டும் போடும் விவசாயிகள் அங்கே நிலத்துக்குச் சுண்ணாம்பு கொடுப்பது வழக்கமான வேலை. அந்த மலைத் தோட்டங்களில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்தால், வேரைக் குட்டையாக்கும் அதே அலுமினியம்தான் பூவுக்கு நிறம் கொடுக்கிறது என்று அர்த்தம். சுண்ணாம்பு பட்டால் பூ இளஞ்சிவப்புக்குத் திரும்பும். தேயிலைக்கோ 4.5-க்கும் 5.5-க்கும் நடுவில்தான் உடம்பு நன்றாக இருக்கும். ஆகவே குன்னூரில் ஒரு பங்களாவின் புல்தரைக்குச் சுண்ணாம்பு நியாயமாகவே தேவைப்படலாம். வேலிக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைக்குத் தேவைப்படாது. தூவும் நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.